1854ஆம் ஆண்டை மட்டும் சுற்றிக் காட்டும் லண்டன் வாக்கிங் டூர்: 22 பவுண்டுக்குத் தகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் கடைசி வரை வர வேண்டாம். வரலாறு பிடிக்கும், மூன்று மணி நேரம் நடக்க முட்டி ஒத்துழைக்கும் என்றால் தாராளமாகப் போகலாம். காலராவையும், பிரிட்டன் ரஷ்யாவோடு நடத்திய கிரிமியப் போரையும் இவ்வளவு நன்றாகக் கோத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 1854 என்று பெரிதாகப் போட்டுவிட்டு, இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள் பாருங்கள், அதற்கும் இன்னும் சில சில்லறைக் குறைகளுக்கும் சேர்த்து ஒன்றரை மார்க் கழித்துவிட்டேன். 5க்கு மூன்றரை.

டூர் நடத்துபவர் பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு அம்மா தனியாக நடத்துகிற சின்ன ஏற்பாடு, நான் குறை சொல்லப் போய் அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம். தவிர, பாதையைச் சொன்னால் நீங்களே தனியாகவும் நடந்துகொள்ளலாம், எல்லாமே தெருவில் இருக்கிற இடங்கள்தான், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

லண்டனில் வாக்கிங் டூருக்குப் பஞ்சமே இல்லை. அரச குடும்பம், கொலைகாரன் ஜாக், பேய் வீடு, சினிமா எடுத்த இடம் என்று தெருவுக்கு ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்பார். இவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வருஷம். 1854இல் சோஹோவில் என்ன நடந்தது, அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது, அதே வாரங்களில் கருங்கடல் ஓரத்தில் யார் செத்துக்கொண்டிருந்தார்கள், இவ்வளவுதான் விஷயம். இந்த யோசனைக்காகவே நான் பதிவு செய்தேன். பாடப் புத்தகத்தில் காலரா ஒரு பக்கம், கிரிமியா ஒரு பக்கம், நர்ஸ் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்னொரு பாடம் என்று தனித்தனியாகப் படித்ததெல்லாம் ஒரே வருஷத்தில் நடந்தவை என்பது காலால் நடக்கும்போதுதான் உறைக்கிறது.

கூட என் மாமனார் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். காலரா டூர் என்றதும் லண்டன் ஐ, மெழுகு பொம்மை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷன் வாசலில் கூடச் சொல்கிறார்கள். அங்கிருந்து சோஹோ ஸ்கொயர். 14ஆம் எண் கட்டடத்தில் மேரி சீகோல் வாழ்ந்தார் என்று ஒரு பலகை இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்த இந்தப் பெண்மணி 1854 இலையுதிர் காலத்தில் லண்டன் வந்து, போருக்கு நர்ஸாகப் போகிறேன் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை, பிறகு சொந்தக் காசில் கிரிமியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்த வீட்டில் அவர் இருந்தது போர் முடிந்த பிறகு, 1857இல். அதை கைடு தெளிவாகச் சொன்னார், எனக்குப் பிடித்தது. ஆனால் அடுத்த தெருவிலேயே அந்தக் கவனம் கைவிட்டுப் போனது. ஃப்ரித் ஸ்ட்ரீட்டில், காலரா தண்ணீரில் பரவுகிறது என்று காட்டிய டாக்டர் ஜான் ஸ்நோ குடியிருந்த இடத்தைக் காட்டி, இங்கிருந்துதான் அவர் காலராவைத் தேடிக் கிளம்பினார் என்று ஒரு நாடகம் போட்டார். 1854இல் ஸ்நோ அங்கே இல்லை, அதற்கு முன்பே கொஞ்சம் பணக்காரத் தெருவான சாக்வில் ஸ்ட்ரீட்டுக்குக் குடி மாறிவிட்டார். 1853இல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் அல்லவா, தொழில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை, காலரா அவர் விடாமல் துரத்திய சந்தேகம். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

டீன் ஸ்ட்ரீட் 28ஆம் எண்ணில் கார்ல் மார்க்ஸ். அப்போது குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இங்கே இருந்து, நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்குக் கிரிமியப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதி அதில் வந்த காசில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் நின்றோம், எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், கிளம்பினோம். சரி.

அடுத்துதான் டூரின் உயிர். பிராட்விக் ஸ்ட்ரீட், அந்தக் காலத்துப் பிராட் ஸ்ட்ரீட். கைப்பிடி இல்லாத ஒரு கறுப்பு பம்பு நிற்கிறது, இது பிற்காலத்தில் வைத்த நினைவுச் சின்னம். பழைய பம்பு நின்ற இடத்தைக் காட்ட ஜான் ஸ்நோ பெயரிலேயே இருக்கிற பப்பின் ஓரத்தில் சிவப்புக் கிரானைட் கல் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். சொல்லாவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம். மதுவைத் தொடாதவர் பெயரில் பப் இருப்பதை கைடு சொல்லிச் சிரித்தார், நாங்களும் மரியாதைக்குச் சிரித்தோம்.

கைடு அம்மா இங்கே அரை மணி நேரம் நின்று பேசினார், அந்த அரை மணிக்கே 22 பவுண்டு கொடுக்கலாம். 1854 ஆகஸ்ட் 31 ராத்திரி தொடங்குகிறது. முதல் மூன்று நாளில் இந்தத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் 127 பேர் சாகிறார்கள். மொத்தக் கணக்கு முடியும்போது 616. அன்றைக்கு மருத்துவர்கள், அதிகாரிகள் முக்கால்வாசிப் பேர் நம்பியது கெட்ட நாற்றக் காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று. ஸ்நோ 1849இலேயே தண்ணீர்தான் காரணம் என்று எழுதியிருந்தார், யாரும் காது கொடுக்கவில்லை. அவர் செய்த வேலை என்னவென்றால், செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவரும் எந்த பம்பில் தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தது. அதைவிட முக்கியம், யார் சாகவில்லை என்று விசாரித்தது. பக்கத்தில் போலந்து ஸ்ட்ரீட் ஏழைகள் விடுதியில் 535 பேர், இறந்தது 5 பேர்தான், ஏனென்றால் அவர்களுக்குச் சொந்தக் கிணறு. பிராட் ஸ்ட்ரீட்டிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபது பேர் வேலை பார்த்தார்கள், யாரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் கொடுத்தது, பம்புத் தண்ணீரை அவர்கள் தொடவே இல்லை. இதைச் சொன்னதும் கூட்டத்தில் இரண்டு பேர் பப் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் துப்பாக்கித் தோட்டாவுக்கு வெடிமூடி செய்கிற ஈலி சகோதரர்களின் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் குடிக்க பம்புத் தண்ணீரை இரண்டு தொட்டியில் நிரப்பி வைத்திருந்தார்கள், அங்கே 18 பேர் போனார்கள். அந்த முதலாளிகளின் தாய் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்தார், அந்தப் பக்கம் காலராவே கிடையாது. ஆனால் அந்த அம்மாவுக்குப் பழைய தெருவின் தண்ணீர் ருசிதான் பிடிக்கும் என்று மகன்கள் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் குடித்த அவரும் இறந்தார், வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் ஊர் திரும்பி இறந்தார். ஸ்நோவுக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

ஸ்நோ பேச்சைக் கேட்டு பம்பின் கைப்பிடியைக் கழற்றியதை கைடு சொன்னதும் மாமனார் கையைத் தூக்கினார். என்னிடம் தமிழில் சொல்லி என்னைக் கேட்கச் சொன்னார். "மாப்ளே, பம்பு கைப்பிடியக் கழட்டிட்டாங்க, சரி. அப்புறம் சனங்க எங்க போயித் தண்ணி பிடிச்சாங்கன்னு கேளுங்க. ஒரு குழாய மூடுனா மறுநாள் காலைல நம்ம வீட்டு வாசல்லதான் குடத்தோட நிப்பாங்க." கைடு நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றம்தான், ஏனென்றால் ஸ்நோ எழுதியதிலேயே அதற்குப் பாதி பதில் இருக்கிறது. சுற்றிலும் வேறு பம்புகள் இருந்தன. கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட் பம்புத் தண்ணீர் பார்த்தாலே அசுத்தம் என்று தெரியும், அதனால் அந்தப் பக்கத்து ஆட்களே அதை விட்டுவிட்டு பிராட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து வந்தார்கள். இங்கே தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக, ருசியாக இருந்தது. ஆளைக் கொன்றது ஊரிலேயே நல்ல பெயர் எடுத்த தண்ணீர். மாமனாருக்கு இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது, "அதான் பாத்தேன், கலங்கலா இருந்தா யார் குடிப்பா" என்றார்.

கைப்பிடி கழற்றிய கதையையும் கைடு கொஞ்சம் மெருகேற்றிவிட்டார். ஸ்நோ வந்தார், கழற்றினார், காலரா நின்றது என்கிற மாதிரி. நடந்தது இப்படி: செப்டம்பர் 7ஆம் தேதி சாயங்காலம் அவர் வட்டார நிர்வாகக் குழுவிடம் போய் வாதாடினார், மறுநாள் 8ஆம் தேதி குழு கழற்றியது. அதற்குள் முக்கால்வாசி சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடியிருந்தது, சாவும் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. இதை ஸ்நோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கழற்றியது வீணா? இல்லை. முதல் நோயாளி என்று பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது 40ஆம் எண் வீட்டில் இருந்த போலீஸ்காரர் லூயிஸின் கைக்குழந்தை. அதன் துணியை அலசிய தண்ணீர் போன கழிவுக்குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் மூன்று அடி இடைவெளிகூட இல்லை. அதே போலீஸ்காரர் காலராவில் விழுந்தது செப்டம்பர் 8, கைப்பிடி கழற்றிய அதே நாள். கழற்றாமல் இருந்திருந்தால் அவருடைய துணி அலசிய தண்ணீரும் அதே குழிக்குத்தான் போயிருக்கும், இன்னொரு சுற்று தொடங்கியிருக்கும். மெருகேற்றிய கதையைவிட இது எவ்வளவோ மேல், ஏன் விடுகிறார்கள் என்றே புரியவில்லை.

அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தது ஸ்நோவும் அல்ல. ஹென்றி வைட்ஹெட் என்கிற இளம் பாதிரியார், அந்த வட்டாரத்துச் சனங்களை வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம் உள்ளவர். ஸ்நோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பி, விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஸ்நோ பக்கம் வந்து சேர்ந்தவர். இவரைப் பற்றி கைடு நன்றாகச் சொன்னார், அதற்கு முழு மார்க்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வாட்டர்லூ பிளேஸ், கிரிமியப் போர் நினைவுச் சின்னம். கிரிமியாவின் செபஸ்டபோல் நகரில் பிடித்த ரஷ்யப் பீரங்கிகளை உருக்கிச் சிலைகளை வார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் 1854 மார்ச் 28 ரஷ்யா மீது போர் அறிவித்தது, அக்டோபர் 25 பாலக்லாவாவில் ஒரு குழப்பமான உத்தரவை நம்பிச் சுமார் 670 குதிரை வீரர்கள் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்தார்கள். அந்த உத்தரவைக் கொண்டுபோன கேப்டன் நோலன் முன்பு தென்னிந்தியாவில் பணியாற்றியவர், தாக்குதலில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர். இங்கே கைடு போர்த் தந்திரத்துக்குள் போய்விட்டார், எனக்குக் கொட்டாவி வந்தது, மழையும் தூறியது. ஆனால் பக்கத்தில் நிற்கிற நைட்டிங்கேல் சிலைக்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டார்.

எனக்கு இந்த டூரில் கிடைத்த புதுச் செய்தி இதுதான். சோஹோவில் சனங்கள் சாகும்போது நைட்டிங்கேல் அருகிலேயே இருந்தார். ஹார்லி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன மருத்துவ விடுதியை நடத்திக்கொண்டிருந்தவர், மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குப் போய், சோஹோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த காலரா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதமே, போர் அமைச்சராக இருந்த நண்பர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி 38 பெண்களோடு கிளம்பி, நவம்பர் தொடக்கத்தில், இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கிற ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். கிரிமியாவில் காயத்தைவிட நோயால் இறந்த சிப்பாய்கள்தான் பல மடங்கு. ஸ்குட்டாரி மருத்துவமனையே சாக்கடைகள் மேல் உட்கார்ந்திருந்தது. நைட்டிங்கேல் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டேதான் போனது, 1855 வசந்தத்தில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகுதான் இறங்கியது. கைடு இதை மழுப்பாமல் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: நைட்டிங்கேலும் நாற்றக் காற்றுக் கட்சிதான், ஸ்நோ கட்சி இல்லை. ஒரே வாரத்தில் ஒரே நோயாளிகளைச் சுற்றி இருந்த இரண்டு பெரிய ஆட்கள், ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தவர், இன்னொருவர் காரணத்தை ஒப்புக்கொள்ளாமலே சுத்தத்தைச் சாதித்தவர். மாமனார் இதற்குத் தலையாட்டவில்லை. "எங்க ஆபீஸ்லயும் பாதிப்பேர் அப்படித்தான்" என்றார்.

இப்போது என் பெரிய குறை. வாட்டர்லூ பிளேஸிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் போகிற வழியில் கேனன் ரோ என்று ஒரு சின்னத் தெரு. இந்தியாவை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. அதன் தலைவர் சார்லஸ் வுட் பெயரில் 1854 ஜூலை 19 இந்தியாவுக்குப் போன கல்வி அறிக்கைதான் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களுக்கு அடித்தளம், மூன்றும் 1857இல் தொடங்கின. தனியார் பள்ளிக்கு அரசு மானியம் கொடுக்கலாம் என்றதும் அதே அறிக்கை. நம் ஊரில் பள்ளி வாசல் பலகையில் "அரசு உதவி பெறும்" என்று இருக்கிறதே, அந்த ஏற்பாட்டின் வேர் இந்தத் தெருவில் கிடக்கிறது. என் மாமனார் படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். நாங்கள் அந்தத் தெருவைத் தாண்டும்போது கைடு டாய்லெட் எங்கே இருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

ஜான்சி பறிக்கப்பட்டதும் 1854இல்தான், ராணி லட்சுமிபாயின் மனுவை லண்டனில் தள்ளுபடி செய்தார்கள். தூரத்தைப் பார்க்காமல் இந்தியா முழுதும் ஒரே கட்டணத்தில் அரையணா தபால்தலை வந்தது அக்டோபர் 1. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஆகஸ்ட் 15. இதையெல்லாம் விளக்கச் சொல்லவில்லை, பாலத்தின் மேல் நடக்கும்போது ஐந்து நிமிஷம் பேசினால் போதும். காலரா இந்தியாவிலிருந்து வந்தது என்று மட்டும் மறக்காமல் ஒரு வரி சொன்னார், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. பின்னாளில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கல்கத்தாவில் உறுதி செய்ததையாவது சேர்த்திருக்கலாம். முடிந்ததும் பணிவாக இதைச் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த தடவை போகிறவர்கள் சேர்த்துவிட்டாரா என்று சொல்லுங்கள்.

டூர் முடிவது செயின்ட் தாமஸ் மருத்துவமனை. தோட்டத்தில் மேரி சீகோலின் பெரிய சிலை இருக்கிறது, 2016இல்தான் வைத்தார்கள். உள்ளே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகம். கவனியுங்கள், விளம்பரத்தில் "அருங்காட்சியகத்தில் நிறைவடையும்" என்று போட்டிருந்தால் வாசலில் நிறைவடையும் என்று அர்த்தம், உள்ளே போகத் தனி டிக்கெட். இது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். போனது போகட்டும் என்று நாங்கள் உள்ளே போனோம், போனது நல்லதாயிற்று. துருக்கி விளக்கு இருக்கிறது, படத்தில் போடுகிற மாதிரி இல்லை, மடக்குகிற காகித விளக்கு. அப்புறம் அதீனா, அவர் வளர்த்த ஆந்தை. கிரிமியாவுக்குக் கிளம்புகிற அமளியில் கவனிப்பில்லாமல் செத்துப்போய், பாடம் செய்து வைத்தது. குழந்தைகள் அதன் முன்னால்தான் கூட்டமாக நிற்கிறார்கள்.

நடைமுறை விஷயங்கள். கூட்டம் பதினைந்து பேருக்குள்தான், ஆனால் காதில் மாட்டுகிற கருவி தருவதில்லை, சோஹோ இரைச்சலில் பின்னால் நின்றால் பாதி கேட்காது, முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் வேண்டாம், காலை நேரம் எடுங்கள். இடையில் உட்கார இடம் பப் ஒன்றுதான், வயதானவர்களுக்கு அது போதாது, மாமனார் வாட்டர்லூ பிளேஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலிக்குப் பாதை பரவாயில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், கழிவுக்குழி விவரமெல்லாம் கொஞ்சம் விரிவாகவே வருகிறது.

பிள்ளைகள் இருந்தால் இதைவிட்டுவிட்டு ரயிலேறி கிரிஸ்டல் பேலஸ் பார்க் போங்கள், அதுவும் 1854தான், இந்த டூரில் கிடையாது. 1851 பொருட்காட்சிக்கு ஹைட் பார்க்கில் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே பெரிதாகக் கட்டி, 1854 ஜூன் 10 மகாராணி திறந்துவைத்தார். மாளிகை 1936இல் எரிந்துபோனது. ஆனால் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த டைனோசர் சிலைகள் குளத்தைச் சுற்றி இன்னும் நிற்கின்றன, பார்க்கக் காசு கிடையாது. அப்போது கிடைத்த கொஞ்ச எலும்பை வைத்துச் செய்ததால் இகுவானடானுக்கு மூக்கில் கொம்பு வைத்துவிட்டார்கள், அது உண்மையில் கட்டைவிரல் எலும்பு. சிலை முடிவதற்கு முன் 1853 டிசம்பர் 31 ராத்திரி அதன் அச்சுக்குள் மேசை போட்டு விஞ்ஞானிகள் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பார்க் பெரியது.